கேஎல் - லண்டன்: போக 14, வர 13

கோலாலம்பூர் (கேஎல்) விமான நிலையமான கேஎல்ஐஏ-யிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர் என்று சொல்லிவிடலாம். எத்தனை மணி நேரம் என்று கேட்டால், போகும்போதா வரும்போதா என்று திருப்பிக் கேட்கணும். நேரடி விமானத்தில் போக 14 மணி நேரம் பக்கம், வர 13 பக்கம்.

போன பயணத்தில் பக்கத்து சீட்டில் ஒரு பட்டர்வொர்த் அம்மா. மகள் பிரசவத்துக்குப் போகிறார், இவ்வளவு தூரம் பறப்பது முதல் தடவை. ராத்திரி 11 மணிக்கு ஏறினால் காலை 6 மணிக்கு லண்டன் என்று டிக்கெட்டில் பார்த்த அக்கம்பக்கத்தார், "ஏழு மணி நேரம்தானே, ஒரு தூக்கம் போட்டா வந்துரும்" என்றார்களாம். லண்டன் நம்மைவிடக் கோடையில் 7 மணி நேரம், குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால் இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த அம்மா எடுத்திருந்தார். "சுகர் மாத்திரை போடறது நான்தானே தம்பி" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். முள்ளைத் திருப்பவே இல்லை, மலேசிய நேரம்தான். எத்தனை மணிக்கு என்ன போடணும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிய சீட்டு, பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த படித்தவர்கள் பலர் இவ்வளவு தயாராகப் போவதில்லை.

திரையில் வரைபடம் பார்த்துவிட்டு, "நேரா போகாம ஏன் வடக்கே வளைச்சுக்கிட்டுப் போறான்?" என்றும் கேட்டார். பூமி உருண்டை, உருண்டைமேல் நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் குறுக்குவழி, தட்டையான படத்தில் போட்டால் வளைவாகத் தெரியும் என்றேன். அதோடு, சண்டை நடக்கும் நாடுகளின் வானத்தைச் சுற்றிப் போனால் தூரம் இன்னும் கூடும்.

போக 14, வர 13 என்ற அந்த ஒரு மணி நேர வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலமான காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். போகும்போது திரையில் வேகம் 830 அளவில் நின்றது. திரும்பும்போது ஆயிரத்தைத் தாண்டியது. விமானி அவசரப்படவில்லை, காற்று முதுகில் தள்ளியது, அவ்வளவுதான்.

சென்னைப் பக்கம் இந்தக் காற்றுக் கதை பெரிதாக இல்லை. அங்கே குழப்புவது கடிகாரம். காலை 9 மணிக்குக் கேஎல்லில் ஏறினால் 10.30-க்குச் சென்னை. வரும்போது ராத்திரி 11-க்கு ஏறினால் காலை 5.30. ஒன்றரை மணி நேரத்தில் போய் ஆறரை மணி நேரத்தில் வருகிற மாதிரி இருக்கும். இரண்டுமே 4 மணி நேரம்தான். நடுவில் இரண்டரை மணி நேர வித்தியாசம். டிக்கெட்டில் பயண நேரம் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதை மட்டும் பாருங்கள்.

அதிலும் விமானம் ஏறும் வாசலை (கேட்) விட்டு நகர்ந்தது முதல் இறங்கும் வாசலில் நிற்பது வரை சேர்த்துத்தான் கணக்கு. பினாங்கு - கேஎல் ஒரு மணி நேரம் என்று இருக்கும். வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். மீதி ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் வருவதிலும் போய்விடும்.

சரி, ஆக்லாந்து, சிட்னி பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா? உங்களுக்குப் போக வர எவ்வளவு வித்தியாசம் வந்தது?