தேயிலைத் தொழிற்சாலையின் மின்பேனலுக்கும் ஜெனரேட்டர் கூண்டுக்கும் தானியங்கித் தீயணைப்பு: எது பொருந்தும்?

கட்டபெட்டு பராமரிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில், சிறு விவசாயிகளின் பச்சை இலையை வாங்கித் தேயிலையாக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற ஐப்பசி மழையின்போது ஓர் இரவில், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரங்களுக்கு மின்சாரம் தரும் பேனலுக்குள் ஒரு லக் (கேபிள் முனையைத் திருகிப் பொருத்தும் உலோகத் துண்டு) தளர்ந்து சூடேறி, கேபிளின் மேலுறை ஒரு முழம் வரை கருகிவிட்டது. டிரையர் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர், வறுபடும் தேயிலையின் மணத்துக்கு நடுவிலும் பிளாஸ்டிக் கருகும் நெடியைப் பிரித்தறிந்து ஓடி வந்ததால் தப்பித்தோம்.

அதன்பின் முதலாளி தானியங்கித் தீயணைப்பு அமைப்பு வேண்டும் என்கிறார். மூன்று விதமான விலைப்புள்ளிகள் வந்துள்ளன: பேனலுக்குள் திருகி வைக்கும் ஏரோசால் பெட்டி, வெப்பத்தில் வெடிக்கும் குழாயுடன் கூடிய கரியமில வாயு சிலிண்டர், அதே குழாயுடன், வெளிவந்ததும் ஆவியாகித் தீயணைக்கும் ஃபுளோரோகீட்டோன் திரவம். எங்களிடம் நான்கு அறைகள் கொண்ட ஒரு பேனலும், ஒலித்தடுப்புக் கூண்டுக்குள் 125 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரும் உள்ளன. இரண்டுக்கும் ஒரே அமைப்பு போதுமா? டிரையருக்கும் இதையே வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் பழைய ஃபோர்மேன் எழுதியது:

வணக்கம் தம்பி. எதை வாங்குவது என்பதற்கு முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை, தளர்ந்த இணைப்பு சூட்டை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். வாயு நெருப்பை அணைத்தாலும் அது கலைந்தவுடன் அதே இடம் மறுபடியும் பற்றிக்கொள்ளும். ஆகவே குழாயின் அழுத்தம் விழுந்தவுடன் பிரஷர் சுவிட்ச் ஒன்று வேலை செய்து, ஷண்ட் டிரிப் (சமிக்ஞை வந்ததும் பிரேக்கரை விழவைக்கும் மின்சுருள்) வழியாக மெயின் பிரேக்கரை விழச் செய்ய வேண்டும். விலைப்புள்ளியில் இந்த இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; பெரும்பாலும் இருக்காது, ஏனெனில் சிலிண்டர் விற்பவர் பிரேக்கரைத் தொட விரும்புவதில்லை.

இதில் மலையில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணியும் உண்டு. மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக இயங்கும்படி வைத்திருப்பீர்கள். மின்வாரியத்தின் பக்கம் உள்ள பிரேக்கரை விழச் செய்தால், அதை மின்தடை என்று எண்ணிக்கொண்டு ஜெனரேட்டர் பத்து விநாடிகளில் எழுந்து, எரியும் பேனலுக்கே மின்சாரத்தை ஊட்டும். தீ சமிக்ஞை வந்தால் ஜெனரேட்டர் எழவே கூடாது என்ற தடையையும் அந்த வயரிங்கில் சேர்த்துவிடுங்கள்.

ஏரோசாலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அது தீயை அணைக்கும் என்பதில் ஐயமில்லை. பொட்டாசியம் உப்புகளின் மிக நுண்ணிய துகள்கள் தழலின் சங்கிலி வினையை முறிக்கின்றன, குழாய் வேலையும் கிடையாது, விலையும் குறைவு. ஆனால் அத்துகள்கள் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் மூடுபனி சூழ்ந்திருக்கும் நம் ஊரில், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனைகளிலும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. அட்டைகளிலும் படிந்த தூளை உடனே துடைத்தெடுக்காவிட்டால் பச்சை பிடித்துவிடும். கையால் அடிக்கும் தீயணைப்பான்களில் வரும் ஏ.பி.சி. உலர்தூளுக்கும் இதே குறை இன்னும் அதிகமாக உண்டு.

மேட்டுப்பாளையம் தீயணைப்புக் கருவிப் பணி எழுதியது:

ஃபோர்மேன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். நான் இந்தக் கருவிகளை நிறுவும் வேலையில் இருப்பவன் என்பதால் அளவுகளைப் பற்றிச் சில வார்த்தைகள்.

வெப்பக் குழாய் என்பது நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய். பொதுவாக 100 டிகிரி செல்சியசுக்கு மேல், மிகவும் சூடான இடத்தில் அது வெடிக்கும். சிறிய பேனலில் அந்த ஓட்டை வழியாகவே அணைப்பான் நேராகத் தீயின்மேல் பீய்ச்சும். உங்களைப் போல் பல அறைகள் கொண்ட பேனலில் குழாய் உணரும் வேலையை மட்டும் செய்ய, வால்வு திறந்து ஒவ்வோர் அறையிலும் உள்ள நாசில்கள் வழியாக வாயு வர வேண்டும். உங்களுக்கு இரண்டாவது வகையே தேவை. விலை குறைவாக எழுதியிருப்பவர் முதல் வகையைத் தந்திருக்கக்கூடும்.

ஃபுளோரோகீட்டோனை 5.3 விழுக்காடு அடர்த்திக்குக் கணக்கிட்டால், கடல்மட்டத்தில் 20 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.78 கிலோ வேண்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே எடை அதிக இடத்தை நிரப்பும். மறுபுறம் மார்கழிக் குளிரில் 5 டிகிரிக்கு இறங்கினால் ஆவியின் கன அளவு சுருங்கி, தேவை ஆறு விழுக்காடு கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கோயம்புத்தூருக்குப் போட்ட கணக்கு உங்களுக்குச் சற்று மிகுதியாகவே இருக்கும். பேனலுக்குள் அது கேடில்லை. ஆனால் ஆள் நிற்கும் அறையையே வாயுவால் நிரப்பத் திட்டமிட்டால் இந்த மிகுதி ஆபத்தாகும்.

கரியமில வாயுவில் இன்னும் கவனம் வேண்டும். மேற்பரப்புத் தீக்கே குறைந்தது 34 விழுக்காடு தேவை; மனிதன் மயங்கி விழ அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் கேபிள் டிரெஞ்சில் (கேபிள்கள் ஓடும் தரைப்பள்ளத்தில்) இறங்கித் தேங்கும். பேனலுக்குள் மட்டும் என்றால் வைக்கலாம், ஆள் நிற்கும் அறைக்கு வேண்டாம். அந்தச் சிலிண்டரின் அழுத்தம் குளிரில் தானாகவே இறங்கும் என்பதால் முள்ளைப் பார்த்து அளவை அறிய முடியாது; எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும்.

ஃபுளோரோகீட்டோனை நோவெக் என்ற பெயரில் விற்ற த்ரீ எம் நிறுவனம், 2025 இறுதிக்குள் அவ்வகை வேதிப்பொருள்களின் உற்பத்தியிலிருந்து விலகுவதாக 2022-ல் அறிவித்தது. வேறு உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். மறுநிரப்பல் யாரிடம் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் கூண்டு முற்றிலும் வேறு கதை. ரேடியேட்டர் விசிறி நிமிடத்துக்கு நிமிடம் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்தாமல் வாயுவை விட்டால் அது லூவர் என்னும் காற்றுத் திறப்பு வழியாகத் தோட்டத்துக்குத்தான் போகும். அதோடு, கசிந்த டீசல் டர்போவின் மேலும் புகைபோக்கிக் குழாயின் மேலும் பட்டுத்தான் அங்கே தீ தொடங்கும். அந்த இரும்பு ஆறுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே எரிபொருள் சோலினாய்டை (எஞ்சினுக்கு டீசலை அடைக்கும் மின்வால்வை) முதலில் மூடச் செய்து, அங்கே உலர்தூளையே வையுங்கள். எஞ்சினைக் கழுவி எடுக்கலாம், வி.எஃப்.டி.யைக் கழுவ முடியாது.

கொடநாடு பக்கம் எழுதியது:

டிரையருக்கு வாயு வேண்டவே வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் சூடான காற்றை விசிறி ஓயாமல் ஊதும் பெட்டியில் எந்த வாயுவும் நிற்காது. அடித்தட்டுக்குக் கீழே தேங்கிய தூள் கங்காகக் கனன்றுகொண்டிருக்கும் தீயை வாயு அணைத்ததுபோல் காட்டிவிட்டு ஏமாற்றும். விசிறியையும் இலை வரத்தையும் நிறுத்திவிட்டு நீர்த்தூவல் அடிப்பதுதான் வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே இருவரும் சிலிண்டரைப் பற்றியே எழுதியதால் சொல்கிறேன். சலிப்பறையிலிருந்து பறந்து வரும் தேயிலைப் பஞ்சு உங்கள் பேனலுக்குள் எவ்வளவு படிந்திருக்கிறது? முழுச் சுமை ஓடும்போது வெப்பப்படக் கேமராவால் ஆண்டுக்கு இரண்டு முறை லக்குகளைப் பார்த்திருந்தால், அந்த ஐப்பசி இரவு வந்தே இருக்காது.

கட்டபெட்டு பராமரிப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு விடுமுறையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு பேனலைத் திறந்து பார்த்தோம். பஞ்சு ஒரு விரல் கனம். அதைவிட மோசம், அடிப்பக்கத்தில் கேபிள் நுழையும் தகடு கழற்றப்பட்டு, இரண்டு அறைகளில் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்தே கிடக்கிறது. ஒன்றில் எலி கூடு கட்டியிருக்கிறது. எந்த வாயுவை விட்டிருந்தாலும் டிரெஞ்சுக்குள் இறங்கியிருக்கும். இந்தத் துளைகளைக் கடையில் கிடைக்கும் விரியும் நுரையால் அடைத்துவிடலாமா?

மேட்டுப்பாளையம் தீயணைப்புக் கருவிப் பணி எழுதியது:

வேண்டாம், சாதாரண பாலியூரித்தேன் நுரை தானே எரியும். தகட்டை மறுபடி பொருத்தி, ஒவ்வொரு கேபிளுக்கும் கிளாண்டு (நுழையும் இடத்தில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போட்டு, மிச்ச இடைவெளியைத் தீத்தடுப்புச் சீலண்டால் அடையுங்கள். பேனலின் காற்றோட்ட விசிறியும் பிரேக்கரோடு சேர்ந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வோர் அறையின் நீள அகல உயரத்தையும் இங்கே எழுதுங்கள். அணைப்பானின் எடையைக் கணக்கிட்டுத் தருகிறேன்.