மறு: ஒரே பெயர் கொண்டவர்களின் சங்கம் – கலைச்சொல் தேவை

குழும நண்பர்களுக்கு வணக்கம். மும்பைச் செம்பூர் நண்பர் ஒருவர் கேட்ட சொல்லுக்கும், அதற்கு மற்றவர்கள் தந்த பரிந்துரைகளுக்கும் என் பதில் இது.

> செம்பூரில் முருகன் என்ற பெயருள்ளவர்கள் மட்டும் மாதம் ஒருமுறை கூடுகிறோம். அழைப்பிதழில் 'முதற்பெயர்ச் சங்கம்' என்று போடலாமா?

அருள்கூர்ந்து அப்படிப் போட வேண்டாம். நமக்கு இருப்பது ஒரு பெயர். அதன் முன்னால் நிற்பது தந்தை பெயரின் தலைப்பெழுத்து. ஆங்கிலத்தில் உள்ள முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற பிரிவே நம் வழக்கத்தில் இல்லை. மும்பையில் இந்தச் சொல் இன்னும் குழப்பும். மகாராஷ்டிரத்தின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் முதலில் அச்சாவது ஆட்நாவ், அதாவது குடும்பப்பெயர். அப்படியானால் எதை முதற்பெயர் என்பது?

குடும்பப்பெயர் இல்லாத நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் அப்பாவின் பெயர் ஏறிவிடுகிறது. என் அண்ணனை அலுவலகத்தில் எல்லோரும் எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அப்பா காலமான பிறகும் அந்தப் பெயரைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசி வரும். அம்மா ரிசீவரைப் பிடித்தபடி ஒரு கணம் பேசாமல் நிற்பார், பிறகுதான் அண்ணனைக் கூப்பிடுவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் குறைந்துபோன ஊரில், அந்தப் பெயருக்காகவே சிலர் கூடுகிறார்கள். அவர்களுக்கு நல்ல சொல் ஒன்றைத் தர வேண்டியது நம் பொறுப்பு.

> 'பெயரொப்பர்' எப்படி? இந்தியில் ஹம்நாம் என்பதற்கு நேராக வரும்.

ஒப்பு என்பதில் ஏறத்தாழ என்ற சாயல் இருக்கிறது. முருகேசனும் முருகையனும் முருகனுக்குப் பெயரொப்பர்தாம், ஆனால் இந்தச் சங்கத்தின் விதிப்படி உறுப்பினர் ஆக முடியாது.

> 'உடன்பெயரர்' என்று வைக்கலாம். உடன்பிறந்தார் போல உறவு தெரிகிறது.

எனக்கும் பிடித்த சொல். ஆனால் பெயரர் என்றால் பேரப்பிள்ளைகள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பெயரன். பேச்சில் அது பேரன் ஆயிற்று. போதாக்குறைக்கு, உடன்பெயர்தல் என்றால் சேர்ந்து இடம்பெயர்தல் என்றும் படும். நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலேறி வந்தவர்களிடம் அந்தப் பொருள்தான் முதலில் போய்ச் சேரும்.

நான் முன்வைப்பது 'ஒருபெயரினர்'. ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களை ஒருசாலை மாணாக்கர் என்று சொல்லி வந்திருக்கிறோம். ஓரூரினர், ஒருகுடியினர் என்பவையும் அதே வார்ப்பு. நடுவே 'இன்' வருவதால் பேரப்பிள்ளைகளும் விலகிவிடுகிறார்கள்.

> 'ஒருபெயர்' என்றால் ஒரே ஒரு பெயர் மட்டும் உடையவர் என்று ஆகாதா?

தாராவி நண்பரின் இந்த ஐயம் நியாயமானது. குடும்பப்பெயர் இல்லாமல் ஒரு பெயரோடு நிற்பவர்களுக்கும் நம்மிடம் ஒரு சொல் வேண்டும். அதற்கு 'ஒற்றைப்பெயரினர்' என்பதை ஒதுக்கிவிடலாம். ஒருமொழியர் என்றால் ஒரே மொழியைப் பகிர்பவர். ஒற்றை என்றால் துணையில்லாதது. ஒரு, ஒற்றை என்ற இந்த வேறுபாட்டைத் தமிழ் தானாகவே காக்கிறது.

இனி 'சங்கம்' என்ற பகுதி. நிலையான அமைப்பையும் ஒருநாள் கூட்டத்தையும் ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது. போஸ்னியா ஹெர்செகோவினாவின் குப்ரெஸ் நகரில் 2017 ஜூலையில் 2,325 இவான்கள் திரண்டு கின்னஸ் சாதனை படைத்தார்கள். டெக்சஸில் கைல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே 1,490 கைல்கள் கூடியும் அந்த எண்ணிக்கையை எட்ட முடியவில்லை. 2021 ஏப்ரலில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஜோஷ்கள் நுரைக் குழாய்களால் அடித்து விளையாடிவிட்டு, குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடையும் திரட்டினார்கள். இவை எல்லாம் 'ஒருபெயர்க் கூடல்'.

அமெரிக்காவில் 1914-ல் ஜார்ஜ் டுலேனி என்ற மர வணிகர் தொடங்கியது வேறு வகை. புல்மன் கம்பெனியின் படுக்கை ரயில்பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களை, அவர்கள் பெயர் எதுவானாலும், பயணிகள் முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் 'ஜார்ஜ்' என்றே விளித்தார்கள். அடிமைக்கு எஜமானின் பெயரைச் சூட்டிய பழக்கத்தின் மிச்சம் அது. அதை நிறுத்தக் கோரி அமைந்த சங்கத்தில் ஜார்ஜ் என்ற பெயருள்ளவர்கள் 31,000 பேர் வரை சேர்ந்தார்கள். அதில் பாதி வேடிக்கை. ஊழியரின் மானத்தைவிடத் தங்கள் பெயரின் மதிப்பே அந்த ஜார்ஜ்களுக்குப் பெரிதாகப் பட்டது. இருந்தாலும் உறுப்பினர் பட்டியலும் நோக்கமும் கொண்ட அமைப்பு அது. ஆகவே 'ஒருபெயரினர் மன்றம்'.

1969-ல் பென்சில்வேனியாவில் தோன்றிய ஜிம் ஸ்மித் சங்கத்துக்கு இயற்பெயர், குடும்பப்பெயர் இரண்டும் பொருந்த வேண்டும். அதற்கு 'முழுப்பெயர் மன்றம்' என்று தனி உட்பதிவு போதும்.

செம்பூர் நண்பர் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன். எல்லோரும் முருகன் என்றால் மன்றத்துக்குள் ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது? எண் கொடுக்காதீர்கள். சங்க இலக்கியத்தில் சீத்தலைச் சாத்தனாரும் ஆலம்பேரிச் சாத்தனாரும் ஊரால் வேறுபட்டார்கள். சீத்தலைச் சாத்தனாருக்கு மதுரைக் கூலவாணிகன், அதாவது தானிய வணிகன், என்ற தொழில் அடையாளமும் சேர்ந்தது. மாட்டுங்கா முருகன், துறைமுக முருகன் என்று அழைத்தால் பெயரும் நிற்கும், ஆளும் தெரிவார். இதற்கு 'அடைமொழி' என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க என் முன்மொழிவு: 'ஒருபெயரினர் மன்றம்: ஒரே இயற்பெயர் உடையவர்கள், அந்தப் பெயரையே உறுப்பினர் தகுதியாகக் கொண்டு நடத்தும் நட்பு அமைப்பு.' மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அழைப்பிதழ் திங்களன்று அச்சகத்துக்குப் போகிறது.

அன்புடன்,
முலுண்டிலிருந்து