குளிர்கால மாலைகளை வீட்டிலேயே இனிதாக்கிக்கொள்வது எப்படி?

நீளிரவு (வினா):

அனைவருக்கும் வணக்கம். குளிர்காலத்தைச் சமாளிப்பதற்கான அறிவுரைகள் எங்கும் கிடைக்கின்றன. அதை விரும்பி வாழ்வது எப்படி என்பதைத்தான் எவரும் விளக்கமாகச் சொல்வதில்லை. பணி முடித்து நிமிரும்போதே வெளியில் இருட்டிவிடுகிறது. அதற்குப் பின் உறங்கும் வரை கிடைக்கும் நீண்ட மாலைப்பொழுது முழுவதும் கைப்பேசித் திரையிலேயே கரைந்துபோகிறது.

என் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறையில் வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருந்தாலும், நாற்காலியில் அமர்ந்த சிறிது நேரத்தில் ஒருவிதக் குளிர் முதுகில் ஏறிக்கொள்கிறது. சமையலில் ஆர்வம் உண்டு. ஆனால் இந்தப் பருவத்துக்கென்று தனியாக எதையும் செய்ததில்லை. கம்பளி உடை அணிந்தால் கழுத்தெல்லாம் அரிக்கிறது. அடுக்கடுக்காக உடுத்தினால் மூட்டை கட்டியதைப் போல ஆகிவிடுகிறேன். வாங்கி வைத்த பெரிய நாவல்களோ சில பக்கங்களுக்கு மேல் நகர்வதில்லை, தூக்கம் வந்துவிடுகிறது. புதிய பொருள்களை வாங்கிக் குவிக்கும் எண்ணம் எனக்கில்லை. உங்கள் வீடுகளில் குளிர்காலத்தை எது உண்மையிலேயே இனிமையாக்குகிறது என்பதைக் காரணத்தோடு சொன்னால் மகிழ்வேன்.

சாளரம்:

நண்பரே, முதலில் உங்கள் நாற்காலியை நகர்த்துங்கள். அது சன்னலுக்கோ வெளிச்சுவருக்கோ அருகில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வெப்பமானி 20 பாகை செல்சியஸ் காட்டினாலும், குளிர்ந்த கண்ணாடிக்கு அருகில் அமர்ந்திருப்பவரின் உடல் அக்கண்ணாடியை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி இழந்துகொண்டே இருக்கும். கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கித் தரையோடு ஓடிக் காலில் படுவதும் உண்டு. ஆகவே வெப்பமூட்டியின் அளவைக் கூட்டுவதைவிட, நாற்காலியை உட்சுவர்ப் பக்கமாக நகர்த்தி, இருட்டியதும் கனத்த திரைச்சீலையை இழுத்துவிடுவது அதிகப் பலன் தரும். திரைச்சீலை வெப்பமூட்டியின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் அறைக்கு வரவேண்டிய வெப்பம் கண்ணாடிக்குப் போய்விடும். பகலில் வெயில் விழும் பக்கத்துத் திரைகளைத் திறந்தே வையுங்கள்.

அடுத்தது ஈரப்பதம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 0 பாகையில் முழுதாக ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 5 கிராம் நீராவிதான் இருக்கும். 20 பாகையில் அதே அளவு காற்று 17 கிராம் வரை தாங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது அதன் ஒப்பீரப்பதம், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உண்மையில் இருக்கும் பங்கு, 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உதடு வெடிப்பதும், தொண்டை வறள்வதும், மரச்சாமான்கள் நெறிபடுவதும் இதனால்தான். 40 முதல் 50 விழுக்காடு வரை இருந்தால் உடம்புக்கு இதமாக இருக்கும். துவைத்த துணியை அறைக்குள் உலர்த்தினாலே கொஞ்சம் ஈரம் கூடும். ஆனால் சன்னல் கண்ணாடியில் நீர் கோத்து வழியத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அதன் பிறகு வருவது பூஞ்சைதான்.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். கூரையின் நடுவில் எரியும் ஒற்றை வெள்ளை விளக்கு எந்த அறையையும் அலுவலகமாக மாற்றிவிடும். அதை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் நிறவெப்பம் கொண்ட, அதாவது மஞ்சள் சாயலில் ஒளிரும், இரண்டு சிறு விளக்குகளைக் கண்மட்டத்துக்குக் கீழே, அறையின் வெவ்வேறு மூலைகளில் வைத்துப் பாருங்கள். மெழுகுவத்தியும் நன்றுதான், திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிவிட்டு, காற்றோட்டம் மோதாத இடத்தில் வைத்தால் புகைக்கரி படியாது.

அடுப்படி:

சமையலில் ஆர்வம் உண்டு என்கிறீர்கள். அப்படியானால் பாதி வழியைக் கடந்துவிட்டீர்கள். கோடையில் நாம் அடுப்பிலிருந்து தப்பித்து ஓடுகிறோம். குளிர்காலத்தில் அதே அடுப்பு மணிக்கணக்கில் எரிந்தாலும் யாரும் குறைசொல்வதில்லை. சமையலறைதான் வீட்டிலேயே இதமான அறையாகிவிடுகிறது. ஆகவே இந்தப் பருவத்துக்கு உரியது மெதுவான சமையல்தான் என்பது என் உறுதியான கருத்து.

இறைச்சி உண்பவராக இருந்தால், விலை மலிந்த, நார் மிகுந்த துண்டுகளையும் எலும்புகளையும் வாங்குங்கள். அவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதம், ஈரத்தோடு கூடிய மெல்லிய சூட்டில் பல மணி நேரம் கிடக்கும்போது ஜெலட்டினாகக் கரைகிறது. சூப்புக்கு உதட்டில் ஒட்டும் அந்தக் கனத்தைத் தருவது அதுதான். பொங்கிப் பொங்கிக் கொதிக்கவிட்டால் இறைச்சி வறண்டுவிடும், சாறும் கலங்கிவிடும்; ஓரிரு குமிழிகள் மட்டும் மேலெழும்பும் சூடு போதும். காய்கறி மட்டுமே உண்பவர்களுக்கு அதே கனத்தை அவரை, பருப்பு வகைகளின் மாவுச்சத்து தருகிறது. ஓர் எச்சரிக்கை: சிவப்பு ராஜ்மாவைப் பயன்படுத்தினால், ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது, 30 நிமிடமானால் இன்னும் நல்லது, தளதளவென்று கொதிக்கவிட்ட பின்பே சூட்டைக் குறைக்க வேண்டும். அதிலுள்ள ஒரு நச்சுப்புரதம் மெல்லிய சூட்டில் அழியாது. மின்சார மெதுசமையல் பாத்திரத்தில் நேரடியாகப் போடுவது வயிற்றுக்குக் கேடு.

குளிர் தானே சமைத்துத் தரும் சுவையும் உண்டு. கேரட், முட்டைக்கோஸ் போன்றவை பனியில் நிற்கும்போது, தம் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. செல்லுக்குள் சர்க்கரை கூடினால் நீர் எளிதில் உறையாது என்பதே காரணம். உறைபனிக்குப் பின் அறுவடையான கேரட்டைத் துண்டுகளாக்கி, எண்ணெய் தடவி, ஓவனில் விளிம்புகள் கருகும் வரை வாட்டினால் வேறு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அங்கு அது வரமன்று. குளிர்பதனப் பெட்டியில் நெடுநாள் கிடந்த கிழங்கைப் பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும்.

ரொட்டி சுடுவதற்கும் இது நல்ல பருவம். குளிர்ந்த சமையலறையில் மாவு உப்பக் கூடுதல் நேரம் எடுக்கும் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். நானோ அதை விரும்புகிறேன். ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும்போது சுவை ஆழமாகிறது. இரவில் பிசைந்து மூடிவைத்துவிட்டுக் காலையில் சுட்டால் வீடு முழுவதும் மணக்கும்.

பருகுவதற்குக் கோகோவைப் பரிந்துரைக்கிறேன். பொடியை நேரடியாகப் பாலில் கொட்டினால் கட்டிகட்டியாக மிதக்கும். முதலில் பொடியையும் சர்க்கரையையும் ஒரு சிட்டிகை உப்பையும் கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, பிறகு பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கோகோவிலும் மாவுச்சத்து இருப்பதால் அந்த ஒரு நிமிடத்தில் பானம் தானாகவே கெட்டிப்படும். தேநீர் என்றால் பாத்திரத்தை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிட்டு இலையைப் போடுங்கள். குளிர்ந்த பீங்கான் நீரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டால் கருந்தேயிலை முழுதாக இறங்காது.

காலைநடை:

மேலே சொன்னவை அனைத்தும் நல்லவைதான். ஆயினும் ஒன்றை மறுக்க விரும்புகிறேன். நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு எந்தக் கோகோவும் இனிக்காது. வெளியில் போய் மூக்கு சிவந்து திரும்பியவருக்குத்தான் கதகதப்பு என்பது புலப்படும். வெளிச்சத்தின் அளவையும் பாருங்கள் (அதை அளக்கும் அலகு லக்ஸ்): விளக்கெரியும் வீட்டறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம், மேகம் மூடிய குளிர்காலப் பகலில்கூட வெளியில் ஆயிரம் லக்ஸைத் தாண்டும். உடலின் நாட்கடிகாரத்தைச் சீராக்குவது அந்த வெளிச்சம், அதிலும் காலை வெளிச்சம். நண்பகலுக்கு முன் அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்தால், மாலையில் புத்தகத்தைத் திறந்ததும் தூங்கிவிழுவதும் குறையக்கூடும்.

இழைநயம்:

கம்பளி அரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது கம்பளிக்கே உரிய குற்றமன்று, இழையின் பருமனைப் பொறுத்தது. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் பருத்த இழைகளின் நுனிகள் வளையாமல் தோலைக் குத்துகின்றன. 20 மைக்ரானுக்கும் மெல்லிய, மெரினோ என்னும் ஆட்டினத்தின் இழைகள் தோலில் பட்டதும் வளைந்துவிடுகின்றன. ஆகவே கையிலுள்ள முரட்டு ஸ்வெட்டரைத் தூக்கியெறிய வேண்டாம். கழுத்துப்பட்டை வைத்த மெல்லிய பருத்திச் சட்டையை உள்ளே அணிந்து, அதன் மேல் ஸ்வெட்டரைப் போடுங்கள். அரிப்பும் தீரும், பட்டை வெளியே எட்டிப் பார்ப்பது பார்வைக்கும் அழகு.

மூட்டைத் தோற்றத்துக்கு வருகிறேன். நம்மைச் சூடாக வைத்திருப்பது துணிக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான். மூன்று தடித்த உடைகளை இறுக்கமாகப் போட்டால் அந்தக் காற்று நசுங்கிவிடும். குளிரும் விலகாது, தோற்றமும் கெடும். உடம்போடு ஒட்டிய மெல்லிய அடுக்கு, அதன் மேல் சற்றுத் தளர்ந்த பின்னலாடை, வெளியே போகும்போது மட்டும் காற்றுப் புகாத மேலங்கி என்று வைத்துக்கொண்டால் போதும். காலுறைகளுக்கும் இதுவே விதி: இரண்டு இறுக்கமான காலுறைகளைவிடத் தளர்வான ஒரு கம்பளிக் காலுறை மேலானது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தொடுகைக்கு நனைந்ததாகத் தெரியாது. உள்வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடுகிறது. ஈரம்பட்ட பருத்தியோ உடம்பில் ஒட்டிக்கொண்டு நடுங்கவைக்கும்.

நிறத்தில் எனக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. குளிர்காலத்தில் எல்லோரும் கறுப்புக்கும் சாம்பலுக்கும் போய்விடுகிறார்கள். மேலங்கி கறுப்பாகவே இருக்கட்டும். முகத்துக்கு அருகில் வரும் கழுத்துத்துண்டு மட்டும் கடுகு மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருந்தால், மங்கிய ஒளியிலும் முகம் தெளிவாகத் தெரியும். கம்பளியை அடிக்கடி துவைக்க வேண்டாம். காற்றாட விரித்துவைத்தாலே வாடை போய்விடும். துவைக்கும்போது வெதுவெதுப்பான நீரில் அலசி, முறுக்காமல் தட்டையாக விரித்து உலர்த்துங்கள். பருவம் முடிந்து மடித்துவைப்பதற்கு முன் கட்டாயம் துவைத்துவிடுங்கள். வியர்வையும் கறையும் உள்ள இடத்தைத்தான் அந்துப்பூச்சியின் புழு முதலில் தின்னும்.

பழுப்புத்தாள்:

புத்தகத்தைப் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். படுக்கையில் போர்த்திக்கொண்டு படிப்பதுதான் குளிர்கால வாசிப்பு என்று படங்கள் நம்மை நம்பவைத்துவிட்டன. உறக்கத்துக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. கைகால்கள் சூடாகும்போது அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது. அந்த உள்வெப்பம் இறங்குவதே உறக்கம் தொடங்குவதற்கான சைகை. சாளரம் சொன்ன நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தோளுக்குப் பின்னிருந்து விளக்கு விழும்படி வைத்து, இரவு உணவுக்கு முன்பே படியுங்கள். உணவுக்குப் பிறகு தடித்த நாவலோடு மல்லுக்கட்டுவது வீண்.

எதைப் படிப்பது என்பதிலும் பருவம் உண்டு என்று நினைக்கிறேன். தொடர்ந்து பல மாலைகளை ஒரே உலகத்துக்குள் கழிக்க முடிவதால், தலைமுறைகளைச் சொல்லும் நீண்ட நாவல்கள் இப்போது பொருந்தும். அவற்றோடு கடிதத் தொகுப்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கு திறந்தாலும் படிக்கலாம், எங்கும் நிறுத்தலாம். துருவப் பயணிகளின் நாட்குறிப்புகளும் எனக்கு மிக விருப்பமானவை. எர்னஸ்ட் ஷாக்கில்டனின் குழுவினர் 1908ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், சூரியனே எழாத அண்டார்க்டிகக் குடிசையில் அமர்ந்து, மை இறுகாதபடி சூடேற்றிக்கொண்டே ஒரு நூலை அச்சடித்து, உணவுப் பொருள்கள் வந்த மரப்பெட்டிகளின் பலகைகளால் அதற்கு அட்டை கட்டினார்கள். அந்த இருட்டில் அவர்களைச் சோராமல் வைத்திருந்தது அந்த வேலையும்தான் என்பது என் எண்ணம்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம். கேட்பவரின் கைகள் போர்வைக்குள் இருக்கும், அல்லது பின்னல் ஊசியில் இருக்கும். வாய்விட்டு வாசிக்கும்போது பக்கங்களைத் தாவ முடியாது என்பதால் நல்ல உரைநடை எது என்பதும் விரைவில் தெரிந்துவிடும்.

நீளிரவு:

அனைவருக்கும் நன்றி. நாற்காலி சன்னலோரத்தில்தான் இருந்தது. இப்போது இடம் மாறிவிட்டது. இரண்டு சிறு ஐயங்கள். ஒன்று, உட்கார்ந்து படிக்கும்போது கால் மட்டும் சில்லிடுகிறது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்ளலாமா? இரண்டு, நான் தனியாக இருப்பவன். ஒரு பெரிய பாத்திரம் சூப்பைச் செய்துவிட்டு என்ன செய்வது?

பழுப்புத்தாள்:

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். சற்று ஆறிய நீரை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துணியுறை போட்டுப் பாதத்தின் கீழ் வையுங்கள். நெடுநாள் பயன்பட்ட ரப்பர் பையில் வெடிப்புத் தெரிந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

அடுப்படி:

தனியாக இருப்பவருக்குத்தான் பெரிய பாத்திரம் அதிகம் பயன்படும். சூப்பை ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் விரைவாக ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாளைக்கு வேண்டியதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, மீதியை உறைநிலைப் பெட்டிக்கு அனுப்புங்கள். பாலோ பாலாடையோ சேர்க்க வேண்டிய சூப்பாக இருந்தால், அவற்றைச் சேர்க்காமலே உறையவைத்து, சூடாக்கும்போது சேருங்கள். முன்பே சேர்த்தால் உருகும்போது திரிந்துபோகும். நூடுல்ஸ் வகைகளுக்கும் இதே கதைதான்: சூப்போடு சேர்த்து வைத்தால் மறுநாள் சாறு முழுவதையும் குடித்துவிட்டுக் குழைந்து கிடக்கும்.