டிசிசியில் (மாடல் ரயில்களை டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறை) மறக்கவே முடியாத கோளாறு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

மீட்டர்கேஜ்

லைட் எரியுது. ஹார்ன் அடிக்குது. த்ராட்டிலை எவ்வளவு திருகினாலும் வண்டி மட்டும் அசைய மாட்டேங்குது.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஹெச்ஓ (1:87 அளவு) டீசல் மாடல் என்ஜின். "மோட்டார் எரிஞ்சுபோச்சு, உதிரிக்கு வெச்சுக்கோ"ன்னு வித்தவர் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். கூட்டைக் கழட்டி, மோட்டாருக்குப் போற ஆரஞ்சு, சாம்பல் கம்பி ரெண்டையும் பிரிச்சு, 9 வோல்ட் பேட்டரியை நேரா வெச்சேன். ஜம்முனு சுத்துது. அப்போ டிகோடர்தான் (கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டற, என்ஜினுக்குள்ள இருக்கற சிப்) அவுட்டுன்னு புதுசுக்கு விலை பார்த்துட்டே, சும்மா ப்ரோகிராமிங் ட்ராக்ல (செட்டிங்கைப் படிக்க, எழுதத் தனி தண்டவாளம்) வெச்சு டிகோடர்ப்ரோ மென்பொருள்ல எல்லா சிவியையும் (டிகோடருக்குள்ள நம்பர் போட்ட செட்டிங்) படிக்க விட்டேன். ஒவ்வொண்ணா வருது, 19ல மட்டும் 140.

புரிஞ்சிருக்கும். சிவி 19தான் கன்சிஸ்ட் நம்பர், அதாவது பல என்ஜினைச் சேர்த்து ஒண்ணா ஓட்டற அட்ரஸ்; திருப்பி மாட்டினா அதோட 128 கூடும். 128 போக 12. யாரோ 12ஆம் நம்பர் கன்சிஸ்ட்ல, பின்பக்கம் திருப்பி மாட்டி டபுள் ஹெட் ஓட்டியிருக்காங்க, பிரிக்காம அப்படியே எடுத்து வெச்சுட்டாங்க. சொந்த அட்ரஸுக்கு லைட்டும் ஹார்னும் பதில் சொல்லும், மோட்டார் 12க்குத்தான் கேக்கும். 19ல 0 எழுதினேன், கிளம்பிடுச்சு.

என்னை அரிக்கிறது வேற. வித்தவர் இன்னும் பழக்கத்துல இருக்கார். பார்க்கும்போதெல்லாம் "அந்த உதிரி உதவுச்சா?"ன்னு கேக்கறார்.

ஸ்கார்பரோ லைன்

எனக்கு ரிவர்ஸ் லூப், ரயில் சுத்தி வந்த பாதையிலேயே திரும்பிப் போற வளையம். பேஸ்மென்ட்டில லேஅவுட் வடிவா ஓடிக்கொண்டிருந்தது, ஆட்டோ ரிவர்சரும் (லூப்பில தண்டவாளத்தின்ர மின்முனையைத் தானா மாத்திற கருவி) போட்டாச்சு. ஒரு நாள் மகள் லைட் போட்ட பெட்டி ரெண்டைக் கூடக் கொழுவிவிட்டா. என்ஜின் லூப்புக்குள்ள போய்ச் சுத்தி வெளிய மூக்கை நீட்டின உடன, டக். முழு லேஅவுட்டும் செத்துப்போச்சு. பெட்டிகளைக் கழட்டினா ஓடுது, கொழுவினா நிக்குது.

அவ கீழ குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தவ, "அப்பா, கடைசிப் பெட்டி இன்னும் உள்ளுக்கு வரேல்லையே" எண்டா. அதேதான். அந்தப் பெட்டிகளுக்கு உலோகச் சில்லு (சக்கரம்), லூப்பைப் பிரிக்கிற தண்டவாள இடைவெளியில நிண்டா ரெண்டு பக்கத்தையும் மின்சாரத்தால சேர்த்துவிடும். வால் ஒரு இடைவெளியிலயும் தலை மற்ற இடைவெளியிலயும் ஒரே நேரத்தில நிண்டா ரிவர்சர் எந்தப் பக்கத்துக்கு மாத்திறது? லூப்பில தனியாப் பிரிச்ச துண்டு ரயிலை விட நீளமா இருக்கவேணும். அவவுக்கு அப்ப ஒன்பது வயசு. இப்ப ரயில் பக்கமே வாறதில்லை.

பணிமனை 62

மீட்டர்கேஜ் தம்பி, எதற்குக் கூட்டைக் கழட்டி, கம்பியைப் பிரித்து, பேட்டரி வைத்து... சிவி 8ல் 8 எழுதியிருந்தால் வேலை முடிந்தது. வண்டி பேசவில்லை என்றால் முதலில் ரீசெட், பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

என் கதை சிறியது. ஒரு பள்ளிக் கண்காட்சியில், பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, லேப்டாப்பை நகர்த்தி யூஎஸ்பி கேபிளை வேறு துளையில் செருகினார் நண்பர். கம்ப்யூட்டரில் காம் 4 என்ற போர்ட், காம் 7 ஆகிவிட்டது. ஜேஎம்ஆர்ஐ (டிகோடர்ப்ரோ அடங்கிய ரயில் மென்பொருள்) பழைய போர்ட்டைத் தேடிக்கொண்டு நின்றது. செட்டிங்கில் மாற்றியதும் சரி.

ஆனால் பொதுவாகச் சொல்கிறேன், பலர் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் தண்டவாளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நாணயத்தை எடுத்து, லேஅவுட்டின் தூரமான மூலையில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லையா? கம்பி மெல்லியது, அல்லது இணைப்பு மோசம். ஷார்ட் ஆகும்போது கரண்ட் முழுவதும் அந்த இடத்திலேயே சூடாக இறங்கும், பெட்டியின் பிளாஸ்டிக் உருகும். தடிமனான பஸ் வயர் (லேஅவுட்டுக்கு அடியில் ஓடும் பிரதான கம்பி) போடுங்கள், ஆறடிக்கு ஒரு ஃபீடராவது (அதையும் தண்டவாளத்தையும் இணைக்கும் கம்பி) இறக்குங்கள், ரெயில் ஜாயினரை (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு) நம்பாதீர்கள். சாதாரண மல்டிமீட்டர் காட்டும் ஏசி வோல்ட்டேஜையும் அப்படியே நம்பாதீர்கள். அது 50 ஹெர்ட்ஸுக்கு அளவு செய்தது. டிசிசியில் 1 என்ற பிட்டின் ஒரு பாதியே 58 மைக்ரோ விநாடிதான். ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் ஒப்பிட மட்டும் பயன்படும். தண்டவாளத்தைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால், உப்புத்தாள் கூடவே கூடாது, கீறலில் அழுக்கு போய் உட்காரும். டர்ன்அவுட் ஃப்ராகை (பாதை பிரியும் இடத்தில் தண்டவாளங்கள் குறுக்கிடும் துண்டு) மறக்காதீர்கள்...

மீட்டர்கேஜ்

அண்ணே, ரீசெட் அடிச்சிருந்தா பழைய ஓனர் உக்காந்து செதுக்கின ஸ்பீட் டேபிள், சவுண்ட் வால்யூம் எல்லாம் போயிருக்கும். எல்லா டிகோடரும் 8ல 8க்கு ஒரே மாதிரி நடந்துக்கறதும் இல்ல. படிச்சுப் பார்த்துட்டு அழிக்கறதுல என்ன நஷ்டம்? அதோட, உப்புத்தாள் யார் போட்டா இங்க?

மதுரை டீசல்

சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க, நான் சொல்றதக் கேளுங்க.

ராத்திரி, கரண்ட் கட். ஓடிட்டிருந்த வண்டி பாலத்து மேல நின்னுபோச்சு. சரி, வந்ததும் பார்ப்போம்னு சாப்பிடப் போயிட்டோம். கரண்ட் வந்துச்சு. ரூம்ல யாருமே இல்ல. கட்டளை அனுப்பற கமாண்ட் ஸ்டேஷன் இன்னும் பூட் ஆகி முடியல, ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டரும் எழுந்திரிக்கல. "டேய், வண்டி போகுதுடா!"ன்னு அம்மா கத்தறாங்க. ஓடிப் பார்த்தா, பேய் பிடிச்ச மாதிரி முழு வேகத்துல வளைவுல திரும்பி, டேபிள் விளிம்பைத் தாண்டி தரையில. கப்ளர் (பெட்டியை மாட்டற கொக்கி) ஒடஞ்சு, கைப்பிடிக் கம்பியெல்லாம் தெறிச்சு.

காரணம் சிவி 29. அதுல அனலாக் மோடுக்கு (டிசிசி இல்லாத பழைய டிசி ஓட்டம்) உள்ள 4 ஆன்ல இருந்துச்சு. பூட் ஆகறப்ப பாதையில டிசிசி பாக்கெட் இல்லாம கொஞ்ச நேரம் வெறும் டிசி வந்திருக்கு, டிகோடர் அதைப் பழைய கன்ட்ரோலர்னு நெனச்சுப் பறந்துருச்சு. 6 இருந்தா 2 போடுங்க. நாலிலக்க அட்ரஸ்னா 38க்கு 34. என்கிட்ட இருக்கற எல்லா வண்டியிலயும் மாத்திட்டேன். அம்மா இன்னும் கரண்ட் போனா முதல்ல ரயில் ப்ளக்கைத்தான் புடுங்கறாங்க.

பணிமனை 62

ஒரு சின்ன யூபிஎஸ் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எத்தனை விஏ வேண்டும் என்றால், முதலில் பூஸ்டரின் ஆம்பியரை எடுத்துக்கொள்ளுங்கள்...

மதுரை டீசல்

யூபிஎஸ் பத்தி நான் கேக்கவே இல்லையே சார். அந்த ஒடஞ்ச கப்ளர் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சா அதைச் சொல்லுங்க.