ஆல்ஃபா-1ஏ ஆன்டிபாடி: இதயத்தில் வரும் பேண்ட் கல்லீரலிலும் வருகிறது, உதவுங்கள்

கேள்வி:
சுண்டெலி இதயத்தில் ஆல்ஃபா-1ஏ அட்ரினெர்ஜிக் ரிசெப்டரை (அட்ரினலினை உணரும் செல் புரதங்களில் ஒரு துணைவகை) வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் முறையில், பார்க்க ஒரு முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி வாங்கியிருக்கிறோம். முழு ஹோமோஜினேட் (அரைத்த திசு முழுவதும்), லேனுக்கு 50 மைக்ரோகிராம் புரதம், 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கியது, 10% ஜெல், பிவிடிஎஃப் மெம்பிரேன், 5% பால் பவுடர், ஆன்டிபாடி 1:500, 4 டிகிரியில் இரவு முழுக்க. 50 கிலோடால்டன் பக்கம் கறுப்பாக ஒரு பேண்ட், 10 விநாடி எக்ஸ்போஷரிலேயே தெரிகிறது. 70-இல் இன்னொன்று. ஜெல்லின் தலைமாட்டில் தீற்றல். கூடவே வந்த பிளாக்கிங் பெப்டைடை (ஆன்டிபாடி பிடிக்கும் புரதத் துண்டு) சேர்த்தால் 50, 70 இரண்டும் போய்விடுகின்றன. ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த கல்லீரல் லேனிலும் அதே 50 பேண்ட், அதே அடர்த்தி. பாரஃபின் செக்‌ஷனில் நியூக்ளியஸும் சாயம் பிடிக்கிறது. டைல்யூஷனை மாற்றவா, பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) போடவா?

பதில் 1:
இரண்டும் வேண்டாம், முதலில் கணக்குப் போடுங்கள். இதயத்துச் செல் மெம்பிரேனில் (செல் சவ்வில்) மொத்த ஆல்ஃபா-1 ரிசெப்டர் மில்லிகிராம் புரதத்துக்கு 20 ஃபெம்டோமோல் என்று வைத்துக்கொள்வோம். 1997-இல் வந்த ஆல்ஃபா-1பி நாக்அவுட் (1பி என்ற இன்னொரு துணைவகையின் ஜீனை நீக்கிய) சுண்டெலியில், ஆல்ஃபா-1 பைண்டிங் (ரிசெப்டரில் ஒட்டும் மருந்தின் அளவு) இதயத்தில் 74%, கல்லீரலில் 98% குறைந்தது. ஆக, இதயத்தில் 1ஏ-வின் பங்கு மிஞ்சிப்போனால் கால்வாசி, 5 ஃபெம்டோமோல். 50 மைக்ரோகிராமில் அது 0.25 ஃபெம்டோமோல். 466 அமினோ அமிலம் கொண்ட 1ஏ-வின் எடை சுமார் 51 கிலோடால்டன், எனவே லேனில் இருப்பது 13 பிகோகிராம் மட்டுமே. அதுவும் மெம்பிரேன் கணக்கு. உங்களுடையது முழு ஹோமோஜினேட், இன்னும் குறைவு. அவ்வளவு சொற்பம் 10 விநாடியில் கறுப்பாக வருமா? கல்லீரல் லேன் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது வேறேதோ தாராளமாக உள்ள புரதம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. தனியாக இன்னொரு கோளாறும் இருக்கிறது: 95 டிகிரி. இந்த ரிசெப்டர் போல ஏழு முறை செல் மெம்பிரேனைக் கடக்கும் புரதங்கள் கொதித்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஜெல்லின் மேலேயே நின்றுவிடும். தலைமாட்டுத் தீற்றலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சாம்பிள் பஃபரில் 37 டிகிரியில் 30 நிமிடம் போதும். ஹோமோஜினேட்டை 1,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றிக் கசடை எறியுங்கள், மேல் திரவத்தை 40,000 ஜி-யில் 30 நிமிடம் சுற்றி, அடியில் படியும் மெம்பிரேன் பெல்லட்டை ஜெல்லில் ஓட்டுங்கள். 70 பேண்ட் கிளைக்கோசைலேஷனா (புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டியதா) என்று தெரிய, என்-கிளைக்கன் எனும் அந்தச் சங்கிலியை வெட்டும் பிஎன்ஜேஸ்-எஃப் என்சைம் போடுங்கள். கீழே இறங்கினால் அது என்-கிளைக்கன் உள்ள புரதம், அவ்வளவுதான். உங்கள் ரிசெப்டர் என்று அர்த்தமில்லை.

கேட்டவர்:
பெப்டைட் போட்டால் பேண்ட் மறைவது ஆதாரம் இல்லையா? ரிவ்யூவர்கள் அதைத்தானே கேட்கிறார்கள்?

பதில் 1:
ஆதாரம் இல்லை. பெப்டைட் அடைப்பது ஆன்டிபாடியின் கையை. அந்தக் கை எந்தப் புரதத்தைப் பிடித்திருந்தாலும் விட்டுவிடும். ரிசெப்டரோ அதே போன்ற வரிசை கொண்ட வேறு புரதமோ, இரண்டும் ஒன்றாகவே மறையும். 2009-இல் ஜென்சன், ஸ்விகார்ட், சிம்ப்சன் மூவரும் ஆல்ஃபா-1 துணைவகைகளுக்கான பத்து கடை ஆன்டிபாடிகளை நாக்அவுட் இதயத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. அதே ஆண்டில் பீட்டா வகை ஆன்டிபாடிகளுக்கும் இதே கதி.

கேட்க வேண்டியது 1ஏ நாக்அவுட் திசு. யாரிடமாவது உறைந்த இதயம் ஒரு துண்டு கிடைத்தால், ஒரே ஜெல்லில் வைல்ட்டைப் (ஜீன் நீக்காதது), நாக்அவுட் அடுத்தடுத்து ஓட்டுங்கள். எச்ஈகே செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்) டேக் எனும் அடையாளத் துண்டு வைத்த 1ஏ-வைப் போட்டுப் பார்ப்பதும் உதவும், ஆனால் அங்கே அளவு நூறு மடங்குக்கும் மேல் போகலாம். ஆன்டிபாடிக்குப் பிடிக்கத் தெரியும் என்று மட்டுமே அது காட்டும். திசுவில் வேறெதையும் பிடிக்காது என்று காட்டாது.

பதில் 3:
அளவுதான் தேவை என்றால் ஆன்டிபாடியை விட்டு ட்ரிஷியம் பிரஸோசினுக்கு (ஆல்ஃபா-1 ரிசெப்டரில் ஒட்டும், கதிரியக்க அடையாளமிட்ட மருந்து) போய்விடுங்கள். பஃபர் 50 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.4, லிகண்ட் (அந்த பிரஸோசின்) 0.02 முதல் 2 நானோமோலார். 30 டிகிரியில் 60 நிமிடம். நான்-ஸ்பெசிஃபிக்குக்கு (ரிசெப்டர் அல்லாத இடங்களில் ஒட்டுவதை அளக்க) 10 மைக்ரோமோலார் ஃபென்டோலமைன். ஜிஎஃப்/சி ஃபில்டரில் உறிஞ்சி, ஐஸ் குளிர்ந்த ட்ரிஸ் பஃபரால் மூன்று நான்கு முறை வேகமாகக் கழுவுங்கள். குழாய்க்கு 200 மைக்ரோகிராம் மெம்பிரேன் போடுங்கள்: மேலே உள்ள கணக்கில் 4 ஃபெம்டோமோல், 80 கியூரி/மில்லிமோல் லிகண்டில் சுமார் 700 டிபிஎம் (நிமிடத்துக்குச் சிதைவு). அதற்குக் கீழே போனால் பேக்கிரவுண்டில் மூழ்கிவிடும். குழாயில் உள்ள கரைசல் 1 மில்லிக்குக் குறைந்தால் லிகண்ட் தீர்ந்துபோகும் தொல்லை வரும். பிரஸோசின் துணைவகைகளைப் பிரிக்காது. 1ஏ பங்குக்கு, 1ஏ-வை அதிகம் விரும்பும் 5-மெத்தில்யூராபிடில் பிரஸோசினை விரட்டுவதை அளந்து போட்டி வளைவு எடுங்கள்.

நியூக்ளியஸ் சாயத்தை மட்டும் உடனே தள்ளிவிடாதீர்கள். வளர்ந்த இதயத்தசைச் செல்லில் ஆல்ஃபா-1 நியூக்ளியஸில் இருப்பதை ஜிஎஃப்பி (ஒளிரும் புரதம்) இணைத்த ரிசெப்டராலும் ஒளிரும் பிரஸோசினாலும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஆன்டிபாடி அதைத்தான் காட்டுகிறது என்பதற்கு இது சாட்சி ஆகாது. அதே செறிவில் சாதாரண முயல் ஐஜிஜி (எந்த இலக்கும் வைக்காத முயல் ஆன்டிபாடி) போட்ட செக்‌ஷனை அருகில் வையுங்கள். அதிலும் நியூக்ளியஸ் பிடித்தால் அந்தச் சாயத்துக்கு மதிப்பில்லை.

கேட்டவர்:
ட்ரிஷியத்துக்கு எங்களிடம் லைசென்ஸ் இல்லை. எந்தச் செல்லில் இருக்கிறது என்பதுதான் முக்கியக் கேள்வி.

பதில் 3:
அப்படியென்றால் எம்ஆர்என்ஏ-வுக்கு இன் சிட்டு ஹைபிரிடைசேஷன் (திசுத் துண்டிலேயே அந்த ஜீனின் எம்ஆர்என்ஏ-வைத் தேடும் முறை). எந்தச் செல் என்று சொல்லும், புரத அளவு சொல்லாது. கட்டுரையிலும் அப்படியே எழுதுங்கள். கல்லீரல் செக்‌ஷனையும் 1ஏ கிட்டத்தட்ட இல்லாத ஒப்பீடாக அதே ஸ்லைடில் வைத்துவிடுங்கள்.