புதுப்பிப்பு: பள்ளியில் பேசிவிட்டேன்

காது கேளாமை பற்றி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். செய்துகாட்டச் சொன்னீர்கள். நேற்று அப்படியே செய்தேன்.

குரல் இல்லாமல் 'பாலை', 'மாலை' என்று வாயசைத்தேன். எது எதுவென்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும் என்ற நினைப்பு அங்கேயே போய்விட்டது.

அப்புறம் என் செவிக்கருவியைக் காட்டினேன். "கத்திப் பேசினால் கேட்குமா?" என்றாள் ஒரு சிறுமி. கத்தினால் சொல் சிதையும், முகம் பார்த்து நிதானமாகப் பேசு என்றேன்.

கிளம்பும்போது பின்வரிசைப் பையன் ஒருவன், தனக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை என்று மெல்லச் சொன்னான். அவனைக் கேட்டுக்கொண்டு ஆசிரியரிடம் சொன்னேன். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். செவிப் பரிசோதனைக்கு வீட்டிலும் பேசிவிட்டார்கள்.