கடலூர்: மனைப்பிரிவில் ஒதுக்கிய பூங்கா இடம் புதராகக் கிடக்கிறது. மாநகராட்சியிடம் எதைக் கேட்க வேண்டும்?

கெடிலக்கரைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கெடிலத்திற்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட பகுதியில், இருபது ஆண்டுகளுக்கு முன்பு பிரிக்கப்பட்ட ஒரு மனைப்பிரிவில் எங்கள் குடியிருப்பு உள்ளது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் நடுவே ஏறத்தாழ அரை ஏக்கர் நிலம் 'பூங்கா' என்று குறிக்கப்பட்டுள்ளது. இன்றுவரை அங்கே சீமைக் கருவேலமும், வீடு கட்டியவர்கள் கொட்டிச்சென்ற இடிபாடுகளும்தான் இருக்கின்றன. மழைக்காலத்தில் முழங்காலளவு நீர் தேங்குகிறது. பாம்புக்கு அஞ்சி யாரும் உள்ளே செல்வதில்லை.

தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையும் மஞ்சக்குப்பம் மைதானமும் இருக்கும்போது தெருவுக்குள் ஒரு பூங்கா எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அவை போதும். முழங்கால் வலியோடு நூறடி நடக்கும் முதியவர்களுக்கும், பெரியவர் துணையின்றிச் சாலையைக் கடக்க முடியாத குழந்தைகளுக்கும் அவை எட்டாத தொலைவில் இருக்கின்றன.

எங்கள் நலச்சங்கத்தில் ஆளுக்கொரு கருத்து நிலவுகிறது. நீரூற்று, உடற்பயிற்சிக் கருவிகள், வண்ண விளக்குகள் என்று ஒரு தரப்பினர் கேட்கிறார்கள். ஒரு மூலையில் பிள்ளையார் கோயில் கட்டலாம் என்கிறார்கள் இன்னொரு தரப்பினர். சமுதாயக்கூடம் கட்டினால் வாடகை வருமே என்பது மூன்றாம் தரப்பின் வாதம். மாநகராட்சிக்கு மனு கொடுப்பதற்கு முன்பு நாங்கள் எதில் தெளிவாக இருக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவர் (பதில்)

ஐயா, ஊஞ்சலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் 'பூங்கா' என்று எழுதியிருப்பதால் மட்டும் அந்த நிலம் உள்ளாட்சி அமைப்புக்குச் சொந்தமாகிவிடாது. மனைப்பிரிவை உருவாக்கியவர் அந்த இடத்தையும் சாலைகளையும் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து ஒப்படைத்திருக்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டுத் தானமாக ஒப்படைப்பது கட்டாயம். இதைத்தான் நாம் பேச்சு வழக்கில் 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்கிறோம். உங்களுடைய மனைப்பிரிவு பழையது என்பதால், அன்றைய அங்கீகார ஆணையில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளை வாங்கிப் படியுங்கள்.

எத்தனையோ ஊர்களில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தானப்பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே நின்றிருக்கும். அவர் காலமான பிறகு வாரிசுகள் அதைக் கொண்டு நிலத்தை மனையாக விற்றுவிடுவார்கள். வாங்கியவர் சுற்றுச்சுவர் எழுப்பிய பிறகுதான் தெருவாசிகளுக்குச் செய்தி தெரியும். ஆகவே வில்லங்கச் சான்றிதழ், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், நகர் ஊரமைப்பு அலுவலகம் ஒப்பளித்த வரைபடத்தின் சான்றிட்ட நகல் ஆகிய மூன்றையும் பெற்று ஒப்பிடுங்கள். எளிதில் கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பெயர் மாற்றம் நடந்திராவிட்டால் உங்களுடைய மனுவின் முதல் கோரிக்கை அதுவாகவே இருக்கட்டும். அடுத்து, எல்லைக் கற்களை அளந்து நட்டுக் கம்பிவேலி இடும்படி கேளுங்கள்.

கோயில், கூடம் ஆகிய இரண்டுக்கும் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. பூங்காக்கள் உள்ளிட்ட பொது இடங்களில் அனுமதியற்ற புதிய வழிபாட்டுக் கட்டடங்கள் எழ விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் ஆணையிட்டுள்ளது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தப் பகுதி மக்களே வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்ற வாதம் எடுபடவில்லை. அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மருத்துவமனைக்கே விட்டுக்கொடுக்காத இடத்தை, வாடகை வரும் என்பதற்காக ஒரு கூடத்திற்கு விட்டுக்கொடுப்பது எப்படிச் சரியாகும் என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

புன்னைநிழல், புதுச்சேரி (பதில்)

நில அளவர் ஐயா சொன்னவை நிறைவேறிய பிறகு மண்ணுக்கு வருவோம். கடற்கரை ஊர்களில் மரம் வளர்த்துப் பார்த்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைத்துவிடும். பொக்லைன் கொண்டு வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். அதே வண்டி நிற்கும்போதே இடிபாடுகளையும் முழுமையாக வெளியேற்றச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர்கள் பெரும்பாலும் அவற்றின் மேலேயே இரண்டடிச் செம்மண் பரப்பிச் சமன் செய்துவிடுவார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கன்றின் வேர் இரண்டாம் ஆண்டில் சிமெண்டுக் கட்டிகளில் முட்டி நின்றுவிடும். மரம் ஏன் காய்கிறது என்று யாருக்கும் விளங்காது.

நீர் தேங்குவதைக் குறையாகக் கருதி, மண் கொட்டி மேடாக்கும்படி கேட்டுவிடாதீர்கள். நீங்கள் அங்கே மேடாக்கினால், அந்த நீர் உங்களுடைய வீடுகளுக்குள்தான் வரும். 2015 வெள்ளத்தைக் கண்ட கடலூருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பூங்காவின் ஒரு பகுதியைச் சரிவான கரைகளோடு, இரண்டடிக்கு மிகாமல் பள்ளமாக விட்டு, தெருவின் மழைநீர் அங்கே வந்து இறங்கும்படி செய்யலாம். சென்னை மாநகராட்சி இத்தகைய 'ஸ்பாஞ்ச்' பூங்காக்களைப் பல இடங்களில் அமைத்திருக்கிறது. மணற்பாங்கான நிலமாக இருந்தால் மழை விட்ட சில நாள்களில் நீர் மண்ணுக்குள் போய்விடும். மற்ற மாதங்களில் பிள்ளைகள் அதே பள்ளத்தில் பந்து விளையாடலாம். களிமண் நிலமாக இருந்தால் மணல் அடுக்கு வரை துளையிட்டு உறிஞ்சு கிணறு அமைக்க வேண்டியிருக்கும். எனவே முதலில் ஒரு குழி தோண்டி மண்ணைப் பாருங்கள்.

இனி மரங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கரையேறியது. அந்த ஒரு காலைப்பொழுதில் நாம் இழந்த நிழல் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. விரைவில் வளர்ந்து விரைவில் பூக்கிறது என்பதற்காக நடப்படும் செம்மயிற்கொன்றை போன்றவற்றின் கிளைகள் புயற்காற்றில் எளிதில் முறியும். புன்னை, பூவரசு, புங்கம் ஆகியவை உப்புக்காற்றையும் மணலையும் தாங்குபவை. வேம்பும் நாவலும் கொஞ்சம் உள்ளே தள்ளி, காற்று நேராக அறையாத இடத்தில் நன்றாக வரும். எல்லையோரம் நான்கைந்து பனை விதைகளை ஊன்றுங்கள். பாடலீசுவரர் கோயிலின் தலமரமான பாதிரியையும் ஒன்று வையுங்கள். திருப்பாதிரிப்புலியூர்ப் பிள்ளைகள் அந்த மரத்தைத் தங்கள் தெருவிலேயே பார்த்து வளரட்டும். அழகுச்செடி என்று சொல்லிக் கோனோகார்பஸ் கொண்டுவந்தால் ஏற்காதீர்கள்.

புல்தரை வேண்டவே வேண்டாம். நம் வெயிலில் அது நாள்தோறும் நீர் கேட்கும்; கோடையில் உப்பேறும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் கருகும். அந்த நீரில் பாதியைக் கன்றுகளுக்கு இரண்டு கோடை மட்டும் ஊற்றினால் ஆயுள் முழுவதற்கும் நிழல் கிடைக்கும்.

ஆசிரியை, மஞ்சக்குப்பம் (பதில்)

யார் வரப் போகிறார்கள் என்பதை இதுவரை யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். என்னிடம் படிக்கும் மாணவிகளிடம் மாலை நேரத்தில் எங்கே விளையாடுகிறீர்கள் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்பு வரை தெருவைச் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்பில் 'வீட்டில்தான்' என்கிறார்கள். மைதானம் பையன்களுடையது என்பது எவரும் எழுதாத விதியாக நம் ஊரில் நிலைத்துவிட்டது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990களில் பூங்காக்களை ஆராய்ந்தபோது, பத்து வயதை ஒட்டிப் பெண்பிள்ளைகளின் வருகை குறைந்துபோவதைக் கண்டார்கள். ஒரே பெரிய திடலாக இருந்தால் பந்து வைத்திருக்கும் பையன்கள் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். திடல் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பாதைகளும் அமர்ந்து பேசும் இடங்களும் சேர்க்கப்பட்டன. பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

உங்களிடம் இருப்பது அரை ஏக்கர். அதில் ஒரு பூப்பந்துத் தளத்தையும், அதிலிருந்து மரவரிசையால் பிரிந்த ஒரு மணல் பகுதியையும், நான்கு பேர் எதிரெதிரே அமரும் திண்ணைகளையும் கேளுங்கள். இரண்டு வாயில்கள் கட்டாயம் வேண்டும். ஒரே வாயிலில் நாலு இளைஞர்கள் வண்டியோடு நின்றால் எந்தப் பெண்ணும் அவர்களைத் தாண்டி உள்ளே போகமாட்டாள். கழிப்பறை இல்லாவிட்டால் முதியவர்களும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். தண்ணீரும் தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள ஒரேயொரு கழிப்பறை போதும். நீரூற்றுக்குக் கேட்கும் பணத்தை அதற்குக் கேளுங்கள்.

கருவிகளைப் பற்றி ஒன்று: கடற்காற்றில் இரும்புச் சறுக்குமரம் துருப்பிடித்து விளிம்பு கத்தியாகிவிடும். ஊஞ்சலுக்கு அடியில் சிமெண்டுக் கற்கள் பதிக்க விடாதீர்கள். விழும் பிள்ளைக்கு மணல்தான் பாதுகாப்பு.

செம்மண்டலத்தார் (பதில்)

ஆசிரியை அம்மா சொல்வது உண்மைதான். ஆனால் நடைமுறையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பூங்காவைத் திறந்து வைத்தார்கள். ஆறு மாதத்தில் இரவெல்லாம் குடிப்பவர்கள் அங்கே கூடத் தொடங்கினார்கள். உடைந்த பாட்டில்களுக்கு அஞ்சிப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் மட்டும் திறந்து, மற்ற நேரத்தில் பூட்டி, சாவியைச் சங்கத்திடம் கொடுக்கச் சொல்லுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உப்பளம் வாசகர், புதுச்சேரி (பதில்)

செம்மண்டலத்தார் பட்டது மெய்யான துன்பம். ஆனால் இரவில் பூட்டுவது வேறு, பகலில் பூட்டுவது வேறு. எங்கள் பாரதி பூங்காவுக்கு நண்பகலில் வந்து பாருங்கள். ஆளுநர் மாளிகைக்கும் சட்டப்பேரவைக்கும் அருகில், ஆயி மண்டபத்தைச் சுற்றியுள்ள மரநிழலில், சந்தைக்கு வந்த பெண்களும், அலுவலகத்தில் காரியம் முடியக் காத்திருக்கும் வெளியூர்க்காரர்களும், உணவுப் பொட்டலத்தைப் பிரித்த தொழிலாளர்களும் அமர்ந்திருப்பார்கள். நடைப்பயிற்சிக்காரர்களின் நேரத்திற்கு மட்டும் திறக்கும் பூங்கா இவர்கள் எல்லோரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. வெயிலில் உழைப்பவருக்கு நிழல் தேவைப்படும் நேரம் பகல் பன்னிரண்டு மணிதான்.

ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் குடிப்பவர்கள் உட்காருவதில்லை. வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாத உயர்ந்த மதில்தான் அவர்களுக்கு வசதி. இடுப்பளவுச் சுவரும் அதன்மேல் கம்பியும் போதும். வாயிலருகே ஒரு தேநீர்க் கடைக்கோ ஆவின் பாலகத்திற்கோ இடம் கொடுத்தால், அதை நடத்துபவரே நாள் முழுவதும் பார்த்துக்கொள்வார். இரவு பத்து மணிக்குப் பூட்டுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாவி சங்கத்திடம் இருக்கக்கூடாது. சங்கத்தில் சந்தா கட்டாத வாடகைக் குடித்தனக்காரரின் பிள்ளையை ஒருநாள் யாராவது வெளியே போகச் சொல்வார்கள். அது பொது நிலம். சாவி மாநகராட்சிப் பணியாளரிடம்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். எங்கள் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் செல்ல முடியாது. அந்தத் தடுப்புகள்தான் ஒரு சாலையையே நாள்தோறும் பூங்காவாக மாற்றுகின்றன. பூங்காவை ஒட்டிய உங்கள் தெருவை ஞாயிறு மாலைகளில் மட்டும் வண்டியின்றி விடச் சொன்னால், அரை ஏக்கர் முக்கால் ஏக்கராகிவிடும், செலவும் இல்லை.

உங்களுக்கு இருக்கும் ஒரு வாய்ப்பையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2011 முதல் எங்களுக்கு வார்டு உறுப்பினரே கிடையாது. எங்கள் தெருப் பூங்காவின் விளக்கு எரியாவிட்டால்கூடச் சட்டமன்ற உறுப்பினரையோ நகராட்சி ஆணையரையோதான் தேடிப் போகிறோம். கடலூர் 2021இல் மாநகராட்சியானது. 2022இல் உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபாவும் வந்துவிட்டது. அதைக் கூட்டச் சொல்லி, இதைத் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள்.

கெடிலக்கரைவாசி

அனைவருக்கும் நன்றி. இந்தப் பதில்களைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கோயில், கூடம் ஆகிய இரண்டு யோசனைகளையும் அவற்றை முன்வைத்தவர்களே கைவிட்டார்கள். நண்பகலில் திறந்திருப்பது குறித்து மட்டும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. அதைப் பகுதி சபாவில் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிப்போம். ஒரே ஓர் ஐயம்: நிதி இல்லை என்று மாநகராட்சி சொன்னால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற நில அளவர்

'நமக்கு நாமே' திட்டத்தின்கீழ் கேளுங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும். பூங்காப் பணிகளும் அதில் அடங்கும். பணத்தைச் சங்கத்தின் பெயரிலோ தனியார் பெயரிலோ திரட்டி வைக்காமல், மதிப்பீடு தயாரான பிறகு மாநகராட்சி ஆணையர் பெயரில் வரைவோலையாகவே செலுத்துங்கள். முக்கியமாக, கட்டுமானத்திற்கான மதிப்பீட்டோடு, மூன்று ஆண்டுக்கான தண்ணீர், காவலர், துப்புரவு ஆகியவற்றின் செலவையும் தனித்தலைப்பில் காட்டச் சொல்லுங்கள்; திறப்பு விழா முடிந்த பூங்காக்கள் பாழாவது இந்தத் தலைப்பு இல்லாமல்தான். வேலியும் மண் வேலையும் புரட்டாசிக்குள் முடிந்தால் ஐப்பசி மழையில் கன்று நடலாம் என்பதால், மனுவை ஆடி பிறப்பதற்கு முன்பே கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.